நடுவில் இருந்த துடைப்பம்

மையத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களுக்குப் பயிற்சி என்று போன மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். டீ இடைவேளையில் உங்களில் ஒரு பெண் பக்கத்தில் வந்து, "அக்கா, நம்மகிட்ட வர்றவங்க போன்ல எந்த பிரவுசரப் போட்டுக் குடுக்கலாம்? எது சேஃப்?" என்று கேட்டாள். நான் சுள்ளென்று, "எதையாவது போட்டுக் குடு போ" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் முகம் சுருங்கிப்போனது. கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் என்னிடம் ஒரே வார்த்தையில் பதில் இருந்தது. இப்போது இல்லை. அந்த எரிச்சல் அவள்மேல் விழுந்துவிட்டது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

குடும்ப ஆலோசனை மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குப் பெரிய தலைவலி கடிதம். ஒரு பெண்ணின் வீட்டுக்குக் கடிதம் போட்டால் மாமனார் பிரித்துப் படிப்பார். நான் ஓய்வு பெற்ற சமயத்தில் தலைவலி போன். எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். போன் அவளுடையதாக இருக்கும். பூட்டைத் திறக்கிற எண் புருஷனுக்கும் தெரியும், கொழுந்தனுக்கும் தெரியும். சாயங்காலம் புருஷன் வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும், "போன எடு" என்பான். சோறு கேட்கிற மாதிரிதான் கேட்பான். அவளும் தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுப்பாள். அவன் யார் பேசினார்கள், என்ன பார்த்தாள் என்று ஒரு நோட்டம் விட்டுவிட்டுத் திருப்பித் தருவான். அடி உதை இல்லாத வீட்டிலும் இது உண்டு. எங்களிடம் வருகிற பெண்களோ அடி வாங்கிக்கொண்டு இருப்பவர்கள். அவர்கள் விடுதியைத் தேடினதோ, வேலையைத் தேடினதோ, வக்கீல் பக்கத்தைப் பார்த்ததோ அந்த நோட்டத்தில் சிக்கிவிடக் கூடாது.

அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது கையில் கிடைத்ததுதான் அந்த பிரவுசர். ஊர் பேர் தெரியாத சின்ன நிறுவனம். திரையின் அடியில் வரிசையாக ஐந்து படம் இருக்கும், அதில் நட்டநடுவே ஒரு துடைப்பம். அதைத் தொட்டால் ஒரு குட்டித் துடைப்பம் இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் வரைக்கும் சர்ரென்று பெருக்கிக்கொண்டு போகும். பார்த்தது, தேடினது எல்லாம் போய்விடும். திரை கழுவி விட்ட வாசல் மாதிரி இருக்கும். உள்ளே போய்த் தேட வேண்டாம், நிச்சயமா என்று அது கேட்கவும் கேட்காது. ஒரு தொடல், அம்புட்டுத்தான்.

சிரிக்காதீர்கள், எனக்கு அந்தத் துடைப்பத்தின்மேல் கொள்ளை ஆசை. திருப்பரங்குன்றத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், பெருக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் சும்மா சும்மா அமுக்கிப் பார்ப்பேன். வாழ்க்கையில் வேறு எதையும் அத்தனை சுலபமாகப் பெருக்கித் தள்ள முடிந்ததில்லை என்பதாலோ என்னவோ.

அதைச் சொல்லிக் கொடுக்கப் போன நாட்கள்தான் என் வேலையிலேயே சந்தோஷமான நாட்கள். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கிற பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். நானும் என் தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டு நடுவில் உட்கார்ந்துவிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் பாடம். "எல்லாரும் கண்ண மூடுங்க. போன முந்தானைக்குள்ள வைங்க. கட்டைவிரல அடியில நடுவுல கொண்டு போங்க. அமுக்குங்க." அமுக்கிவிட்டு எடுத்துப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருத்தி தவறுதலாகத் தன் நாத்தனாருக்கே போன் போட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். யார் வேகமாக அமுக்குகிறார்கள் என்று போட்டிகூட வைத்திருக்கிறேன்.

ஏன் கண்ணை மூடச் சொன்னேன் என்றால், பின்னால் ஆள் வந்து நிற்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. தவிர, அதில் இருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அதனால் என்ன எழுதியிருக்கிறது என்று நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். இதில் எனக்குப் பெருமை வேறு.

என் வகுப்பில் எல்லாரையும்விட வேகமான விரல் செல்விக்கு. செல்வி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் உங்களுக்கு வேண்டாம். பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் மானாவாரி நிலம், பத்துப் பன்னிரண்டு ஆடு, நாலு வயதில் ஒரு மகள். புருஷன் டிராக்டர் ஓட்டுகிறவன். குடித்தால்தான் அடிப்பான் என்பதெல்லாம் இல்லை, குடிக்காமலே அடிப்பான். மாதம் ஒரு சனிக்கிழமை மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வருவாள். மாத்திரையைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டால் ஒரு மணி நேரம் மிச்சம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு.

எட்டு மாதம் அப்படி வந்தாள். கடைசியில் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. திருப்பரங்குன்றத்தில் பிள்ளையோடு தங்குகிற ஒரு பெண்கள் விடுதி. அங்கேயே தங்கி, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி எடுக்கலாம். செல்விக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று விடுதியின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மாற்றுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அது இது என்று ஒரு பட்டியல். செல்வி தினம் ஒரு தடவை அதைத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டுக் கொட்டகையில் தவிட்டு மூட்டைக்கு அடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அதே பக்கத்தில் விடுதியின் முகவரி இருந்தது. வாசல் படம் இருந்தது. சேரப்போகிறவர்கள் வரிசையில் செல்வியின் பெயரும் இருந்தது. இதை அவன் பார்த்தால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அம்மா வீட்டுக்கு இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் பேசிச் சமாதானம் பண்ணித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த ஒரு வாசல்தான் பாக்கி.

அந்தத் திங்கட்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, செல்வி மையத்துக்கு வந்தாள். எனக்கு அப்போது ஒரு கிறுக்கு உண்டு. அப்டேட் வந்தால் தள்ளிப் போடக் கூடாது, உடனே போட வேண்டும், அதுதான் பாதுகாப்பு என்று எல்லாருக்கும் வகுப்பு எடுப்பேன். கிராமத்தில் நெட் இழுக்காது என்று, வருகிறவர்களின் போனை எல்லாம் வாங்கி மையத்து வைஃபையில் போட்டு நானே அப்டேட் பண்ணித் தருவேன். செல்வியின் போனையும் வாங்கினேன். அது ஓடி முடிவதற்கும் அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாவதற்கும் சரியாக இருந்தது. திறந்து பார்க்காமல் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். என் போனில் இடம் இல்லாததால் எனக்கு மட்டும் அப்டேட் ஏறவில்லை. பேரன் படங்களை அழித்து இடம் பண்ணிப் போட்டது திங்கட்கிழமை ராத்திரி.

செவ்வாய் காலையில் டீயைக் குடித்துக்கொண்டே செய்தி படித்துவிட்டு, பழக்கத்தில் நடுவில் அமுக்கினேன். துடைப்பம் கிளம்பவில்லை. ஒரு நட்சத்திரம் மினுக்கியது. நான் படித்த செய்தி ஒரு சின்னப் பெட்டியாகி, படத்தோடு முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் அமுக்கினேன். இன்னொரு பெட்டி.

முதலில் வந்தது கோபம்தான். நம் அடுக்களையில் யாரோ புகுந்து டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. நோண்டி நோண்டிப் பார்த்தால், துடைப்பம் என்ற படமே இல்லை. மூன்று அடுக்கு உள்ளே போய், நீளமான இங்கிலீஷ் வரி ஒன்றைத் தொட்டு, எதை எதை அழிக்க வேண்டும் என்று டிக் அடித்தால்தான் அழியும். நடுவில் இருந்த இடத்தில் இப்போது இருந்தது சேமித்து வைக்கிற நட்சத்திரம். எந்த ஊர் மகராசனோ குளுகுளு அறையில் உட்கார்ந்து, இங்கே இது இருந்தால் அழகாயிருக்கும் என்று முடிவு செய்திருக்கிறான்.

அதற்கப்புறம்தான் உறைத்தது. செல்வியின் கட்டைவிரல். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கச் சொல்லி நான் பழக்கின விரல். அழிப்பதாக நினைத்து அவள் அமுக்குகிற ஒவ்வொரு தடவையும் விடுதியின் வாசல் படம் முதல் பக்கத்தில் வந்து உட்காரும். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று சாயங்காலம் ஏற்கெனவே போய்விட்டது.

மையத்தில் எனக்கு அடுத்து இருந்த கவிதாவுக்குப் போன் போட்டேன். சின்னப் பெண், ஆனால் நிதானமானவள்.

"பழைய வெர்ஷனத் திரும்பப் போட்டுறலாம்க்கா" என்றாள்.

"யாரு போன்ல? என் போன்லயா?"

"ஆமால்ல" என்றாள். "நேர்ல போறதுதான் வழி. போன் மட்டும் பண்ணிராதீங்க."

அது நான் எழுதிச் சுவரில் ஒட்டின விதி. வந்தவர்களுக்கு நாமாகப் போன் செய்யக் கூடாது. ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் முதல் நாளே அதை ஒப்பிக்கச் சொல்லுவேன். கவிதாவின் அழைப்பை வைத்த கையோடு நான் செல்விக்குப் போன் போட்டேன். பதறினால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆண் குரல். "யாரு?"

"செல்வி இல்லையா?" என்று கேட்டேன். ராங் நம்பர் என்றாவது சொல்லியிருக்கலாம். பெயரையே சொல்லிவிட்டேன்.

"நீங்க யாரு பேசுறது? எந்த ஊரு?"

வைத்துவிட்டேன். கவிதாவை மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன். மெதுவாக, "நீங்களாக்கா பண்ணீங்க?" என்றாள். முப்பது வருஷ வேலையில் என்னை யாரும் இத்தனை சின்னக் கேள்வியால் இத்தனை வெட்கப்பட வைத்ததில்லை.

பஸ் ஏறினேன். திருமங்கலத்தில் மாறி உட்கார்ந்ததும் கைப்பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. அந்த எண்தான். நின்றது, மறுபடியும் வந்தது. கல்லுப்பட்டி தாண்டுவதற்குள் நாலு தடவை. எடுத்தால் பொய் சொல்ல வேண்டும், அவன் கேட்கக் கேட்கப் பொய் நீளும். அணைத்துவிட்டால் சந்தேகம் இன்னும் ஏறும். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது அதிர்ந்து ஓய்கிறவரைக்கும் வெளியில் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த நிறுவனத்துக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தவள், பாதி வழியில் நிறுத்திவிட்டேன். அப்டேட்டைப் போட்டுக் கொடுத்தது யார்? போன் பண்ணினது யார்?

யாரையும் சேர்த்துக்கொள்ளும்போதே, போன் ஆகாது என்றால் எங்கே பார்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுவேனே, செல்விக்கு அந்த இடம் பால்வாடி. அங்கே உள்ள டீச்சருக்கு மட்டும் விஷயம் தெரியும். புதுச் சேலை கட்டின பெண் ஒருத்தி பால்வாடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், சர்க்கார் ஆள் என்று நினைத்து யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

"பிள்ளைய விட இன்னும் வரலயே. ஒம்பதரைக்கெல்லாம் வந்துருவாளே" என்றார் டீச்சர். மணி பத்தரை. பிள்ளைகள் அ, ஆ பாடிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றும் ஆனது. அவளை இப்போது அடித்துக்கொண்டிருக்கிறான், அதற்குக் காரணம் நான் என்றே முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கே போய்விடலாம் என்று எழுந்தேன். டீச்சர்தான், "உக்காருங்கம்மா. நீங்க போனா இருக்குறதும் கெட்டுரும்" என்று தடுத்தார்.

பதினொன்றேகாலுக்கு வந்தாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடையோடு, சாதாரணமாக.

"என்னக்கா இங்க வந்திருக்கீங்க? ஆடு ஒண்ணுக்குக் கழிச்சலு, அதான் லேட்டு." என் முகத்தைப் பார்த்தாள். "காலையில போன் போட்டது நீங்கதானா?"

தலையை ஆட்டினேன்.

"லோன் வேணுமான்னு கேக்குற பொம்பளைன்னு சொல்லிட்டேன். அவுகளும் பேரச் சொல்லித்தானக்கா கேப்பாக. விடிஞ்சதும் விடியாததுமாவான்னு அவருக்குக் கோவம் வந்திருச்சு. திட்டணும்னு திரும்பத் திரும்பப் போட்டாரு, நீங்க எடுக்கல." சிரித்தாள். "எடுத்திருந்தா நல்லா வாங்கியிருப்பீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "செல்வி, அந்த நடு பட்டன்..."

"மாறிப்போச்சுக்கா. சனிக்கிழமை பஸ்லயே பாத்துட்டேன். அமுக்குனா அந்த ஹாஸ்டல் வாசல் வந்து உக்காந்துக்கிருச்சு. கல்லுப்பட்டியில இருந்து எங்க ஊரு வர்ற வரைக்கும் நோண்டுனேன். படத்து மேல விரல வச்சு அமுக்கிக்கிட்டே இருந்தா ஒரு பெருக்கல் குறி வருது. அதத் தொட்டா அது மட்டும் போயிருது. பாத்த லிஸ்ட்லயும் அப்படித்தான்."

கூடையிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். முதல் பக்கம் நிறையப் பெட்டிகள். புள்ளிக் கோலம், ரவா கேசரி, ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் வந்தால் கைவைத்தியம், பிள்ளைப் பாட்டு, ஏதோ ஒரு சீரியல். விடுதி இல்லை. பார்த்தவற்றின் பட்டியலிலும் அது ஒன்று மட்டும் இல்லை.

"இதெல்லாம்?"

"நானா வச்சதுக்கா. அவரு பாக்கட்டும்னு. அன்னைக்கு ராத்திரி பாத்தாரு. கேசரி வேணும்னாரு. கிண்டிக் குடுத்தேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அசந்து தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை அவன் டிராக்டரை எடுத்துக்கொண்டு போன பிறகு, செல்வி மகளோடு கிளம்பி மதியத்துக்குள் விடுதிக்கு வந்துவிட்டாள். கட்டைப்பையில் சான்றிதழெல்லாம் தவிட்டு வாசனையோடு இருந்தது. சேர்க்கை எல்லாம் முடிந்து, மகள் கட்டிலில் தூங்கிவிட்ட பிறகு நாங்கள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தேன்.

அந்த பிரவுசர் நிறுவனத்துக்கு நான் எழுதின கடிதம். கவிதா இங்கிலீஷில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தாள். இரண்டு பக்கம். துடைப்பத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள், எத்தனை பெண்கள் அதை நம்பி இருந்தார்கள் தெரியுமா என்று உருகி உருகி எழுதியிருந்தேன். கடைசிப் பத்தியில் பெயர் போடாமல் செல்வியின் கதையைச் சேர்க்க இடம் விட்டிருந்தேன். வாசித்துக் காட்டிவிட்டு, "ஒன் கதைய எழுதிக்கிறட்டுமா?" என்று கேட்டேன்.

செல்வி கடிதத்தை வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களேக்கா" என்றாள்.

"சொல்லு."

"அதத் திரும்பக் கேக்காதீங்க."

"ஏன்?"

"அது எப்பப் பாத்தாலும் காலியாவே இருக்கும்லக்கா. 'நாளெல்லாம் போன நோண்டுற, உள்ள ஒண்ணையும் காணோம், எவன்கூடப் பேசிட்டு அழிக்கிற'ன்னு கேப்பாரு. அதுக்குத்தான் அடி. பங்குனியில கையில கட்டோட வந்தேன்ல, அது அதுக்குத்தான். இப்பக் கோலமும் கேசரியுமாக் கெடக்கவும், இந்த ஒரு வாரமா என்மேல கை வைக்கலக்கா."

அந்தக் கட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'சந்தேகப்பட்டு அடித்தார்' என்று கேட்டு எழுதினவளே நான்தான். எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டார் என்று நான் கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டு, வழக்கம்போல அவள் போனை வாங்கி, துடைப்பம் சரியாக வேலை செய்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

"ஏன்டி இத்தன நாளாச் சொல்லல?"

"நீங்க அம்புட்டு ஆசையாச் சொல்லிக் குடுத்தீங்க. எனக்காக எம்புட்டு அலைஞ்சீங்க. அதப் போயித் தப்புன்னு சொன்னா ஒங்க மனசு கஷ்டப்படும்ல."

அழுதுவிட்டேன். அவள்தான் என் தோளைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாங்கின அடியெல்லாம் அவளுடையது.

மறுநாள் மையத்துக்குப் போனதும், துடைப்பம் போட்டுக் கொடுத்த பெண்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவரவர் வருகிற நாளில், வருகிற இடத்தில் வைத்து ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்க மட்டும் செய்தேன். அது இருந்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று.

முதலில் கேட்ட ஐந்து பேரில் இரண்டு பேர், அதனால் தப்பித்தோம் என்றார்கள். மற்ற மூன்று பேரும், நான் வருத்தப்பட மாட்டேனே என்று கேட்டுக்கொண்டுதான் வாங்கின அடியைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.